வடித்த தைலத்தைப் பேணுதல்: ஓர் ஈட்டுக்கும் மறு ஈட்டுக்கும் இடையே

வாலையிட்டு வடித்தல் என்றவுடன் நம் கிராமத்தாரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சாராயமே. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் அவ்வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமலுக்கு வந்தது. அச்சட்டத்தின்படி வீட்டில் சாராயம் காய்ச்சுவது அன்றும் குற்றம், இன்றும் குற்றமே. ஆகையால் இவ்வியாசம் அதைப் பற்றியதன்று. அதே வாலையைக் கொண்டு மறைவின்றிச் செய்யத்தக்க தொழில்களில் ஒன்றாகிய யூகலிப்டஸ் தைலம் வடித்தலைப் பற்றியும், அதிலும் சிறப்பாக, வடித்தபின் அத்தைலத்தைச் சேர்த்து வைத்தல், கலம் மாற்றுதல் ஆகிய இரண்டைப் பற்றியும் சங்க அங்கத்தினர்களின் உபயோகத்திற்காகச் சில விஷயங்களை இங்கே கூறப் புகுகிறோம்.

யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நீலகிரியில் அது 1843-ஆம் வருஷத்தில் நடப்பட்டது. அதன் இலையிலிருந்து வடிக்கும் தைலத்திற்கு மலையின் பெயரே வழங்கி, நீலகிரித் தைலம் என்று பட்டி தொட்டியெங்கும் அறியப்படுகிறது. வடிக்கும் முறை எளிது. பெரிய கலத்தில் நீர்விட்டு இலையை அடைத்து மூடித் தீயிட்டால், நீராவி இலையிலுள்ள தைலத்தையும் ஆவியாக்கி உடன்கொண்டு செல்லும். அவ்வாவி குளிர்ந்த நீருக்குள் செல்லும் குழாயின் வழியே போகும்போது குளிர்ந்து, நீரும் தைலமுமாய் வடிந்து பாத்திரத்தில் விழும். தைலம் நீரைவிட இலேசானது. ஆகவே மேலே மிதக்கும். இவ்வாறு ஒருமுறை இலை அடைத்து வடித்து முடிப்பதையே ஓர் ஈடு என்கிறோம்.

இவ்வளவும் தொழில் செய்வோர் அறிந்ததே. ஆனால் வாலையினருகே காட்டும் ஜாக்கிரதையில் பாதியைக்கூட வடித்த தைலத்தின்மீது காட்டுவோர் குறைவு. தீ சரியாக எரிகிறதா, குழாய் குளிர்ந்திருக்கிறதா என்று இரவெல்லாம் விழித்துப் பார்ப்பவர், விடிந்ததும் தைலத்தைக் கைக்கு அகப்பட்ட தகரத்திலோ புட்டியிலோ ஊற்றி மூலையில் வைத்துவிடுகிறார். அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது.

தைலம் காத்திருக்கும் காலம்

ஒரு கணக்கைப் பாருங்கள். 100 கிலோ பச்சிலைக்கு ஏறத்தாழ 1 கிலோ தைலம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இலையின் தன்மைக்கும் பருவத்திற்கும் ஏற்ப இது சற்றுக் கூடலாம், குறையலாம். ஓர் ஈட்டிற்கு 300 கிலோ இலை கொள்ளும் கலம் உடையவருக்கு 3 கிலோ தைலம் வரும். மொத்த வியாபாரி கேட்பதோ 200 லிட்டர் பீப்பாய். அதில் 190 லிட்டர் நிரப்புவதாயின், 1 லிட்டர் தைலம் சுமார் 915 கிராம் எடை என்ற கணக்கில், 174 கிலோ தைலம் வேண்டும். அதாவது 58 ஈடுகள் வடித்தாக வேண்டும். முதல் ஈட்டின் தைலம் ஐம்பத்தெட்டாம் ஈடு முடியும்வரை காத்திருக்கிறது. அது எங்கே, எதில், எவ்வாறு காத்திருக்கிறது என்பதைப் பொறுத்ததே அதன் விலை.

காத்திருக்கும் தைலத்திற்குப் பகைவர் நால்வர்: நீர், காற்று, வெப்பமும் வெளிச்சமும், தகாத பாத்திரம். இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நீரைப் பிரித்தல்

வடிந்தவுடன் மேலே மிதக்கும் தைலம் முற்றும் நீரற்றதன்று. நுண்ணிய நீர்த்துளிகள் அதில் கலந்து நிற்கும். தெளிந்த கண்ணாடிக் குழாயில் சிறிது எடுத்து, வெள்ளைக் காகிதத்தை அதன் பின்னே பிடித்துப் பார்த்தால் மங்கலாய்த் தோன்றுவதே அதற்கு அடையாளம். இத்தைலத்தை உடனே அடைத்து வைத்தால் நீர் மெல்ல அடியில் இறங்கித் தங்கும். உலோகப் பாத்திரமாயின் அரிக்கும். தைலத்தின் நிறமும் மணமும் கெடும்.

எடை போட்டு நீரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் எண்ணுவர். அது இயலாது. 20 லிட்டர் சுத்தத் தைலம் 18 கிலோ 300 கிராம் எடையுள்ளது என்று கொள்வோம். அதில் 1 லிட்டர் குறைத்து 1 லிட்டர் நீர் சேர்ந்திருந்தால் எடை 18 கிலோ 385 கிராம் ஆகும். வேற்றுமை 85 கிராமே. நல்ல தைலத்திலேயே லிட்டருக்கு 906 கிராம் முதல் 925 கிராம் வரை எடை மாறக்கூடுமாதலால், அவ்வேற்றுமை தராசிற்குப் புலப்படாது. ஆகையால் நீரைப் பிரித்தெடுக்கவேண்டுமேயன்றி எடையை நம்பலாகாது.

பிரிக்கும் முறை இது. ஓர் ஈட்டின் தைலத்தை அடியில் திருகுகுழாய் வைத்த உயரமான பாத்திரத்தில் ஊற்றி, மூடி, ஓர் இரவும் பகலும் அசையாமல் வையுங்கள். பிறகு திருகைச் சிறிது திறந்து, அடியில் நின்ற நீரையும், நீரும் தைலமும் கலந்த மங்கலான பகுதியையும் தனியே வடித்துவிடுங்கள். அம்மங்கலான பகுதியை எறியவேண்டாம். அடுத்த ஈட்டின் தைலத்தோடு சேர்த்து மறுபடியும் தெளிய விடலாம். எஞ்சிய தைலத்தில் நீரற்ற சோடியம் சல்பேட் உப்பைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்குங்கள். நீர் உள்ளவரை அவ்வுப்பு கட்டிபட்டு அடியில் ஒட்டும். கட்டிபடாமல் தூளாகவே உதிர்ந்து நிற்குமானால் நீர் நீங்கிற்று என்று அறியலாம். அதன்பின் உலர்ந்த பருத்தித் துணியிலோ வடிதாளிலோ வடிகட்டுங்கள். நீரை ஓட்டுவதற்காகத் தைலத்தைத் தீயின்மேல் வைத்துச் சூடாக்குவது பெருந்தவறு. நீர் போகுமுன் தைலம் போகும், தீ விபத்தும் நேரும்.

வடிநீரிலுள்ள தைலம்

தைலத்தைப் பிரித்தபின் நிற்கும் நீரைப் பலர் வாய்க்காலில் கொட்டிவிடுகின்றனர். நல்ல யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதியாயுள்ள பொருளுக்கு சினியோல் என்று பெயர். சாதாரண வெப்பத்தில் 1 லிட்டர் நீரில் அது மூன்றரை கிராம் வரை கரையவல்லது. அப்படியானால் 50 லிட்டர் வடிநீரில் 175 கிராம் வரை தைலம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கக்கூடும். இதை வீணாக்காமல் மூடி வைத்து, அடுத்த ஈட்டிற்குக் கலத்தில் விடும் நீராக உபயோகித்தால் கரைந்த தைலம் மீண்டும் ஆவியோடு வந்துவிடும். ஆனால் பல நாள் வைத்திருந்து நாற்றமெடுத்த நீரைச் சேர்க்கலாகாது. வடிந்து விழும் நீர் கைக்குக் குளிர்ச்சியாய் இருக்கவேண்டும் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. வெதுவெதுப்பாக விழுந்தால் தைலம் ஆவியாகிக் காற்றில் போகிறதென்று பொருள்.

பாத்திரம்

தைலத்தை வைப்பதற்கு எவர்சில்வர் எனப்படும் துருப்பிடியா எஃகுப் பாத்திரம் மிகச் சிறந்தது. அலுமினியமும் ஏற்றது. சிறு அளவிற்குப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி நன்று. செம்பிலும் பித்தளையிலும் வைத்தால் தைலம் பச்சை நிறம் பற்றும். துருவேறிய இரும்பில் வைத்தால் பழுப்பாகும். புதிதாய் வடித்த நல்ல தைலம் நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருப்பதே இயல்பாதலால், நிறம் மாறிய சரக்கைக் கண்டவுடன் வியாபாரி விலையைக் குறைப்பதில் வியப்பில்லை.

ரப்பர் அடைப்பான், ரப்பர் குழாய் இரண்டும் கூடா. சினியோல் ரப்பரை ஊதச்செய்து இளக்கும். இளகிய பொருள் தைலத்தில் கலக்கும். மெல்லிய பிளாஸ்டிக் குடங்களும் குளிர்பானப் புட்டிகளும் அவ்வாறே தகாதவை. முன்பு வேறு தைலம் வைத்திருந்த பாத்திரத்தையும் விலக்கவேண்டும். எலுமிச்சம்புல் தைலமோ, எலுமிச்சை மணமுள்ள மற்றொரு வகை யூகலிப்டஸின் தைலமோ இருந்த கலத்தின் மணம் எளிதில் போகாது. மண்ணெண்ணெய் இருந்த தகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. எந்தப் பாத்திரமாயினும் கழுவியபின் முற்றும் உலர்த்தியே தைலம் ஊற்றவேண்டும்.

காற்று, வெளிச்சம், வெப்பம்

பாதி நிரம்பிய பாத்திரத்தில் மேற்பாதி காற்றாகும். அக்காற்று தைலத்திலுள்ள சில பொருள்களைத் தாக்கிக் காலப்போக்கில் அதனைத் தடிப்பாக்கிப் பிசினேறச் செய்யும். வெளிச்சமும் வெப்பமும் இக்கேட்டை விரைவாக்கும். ஆகவே 200 லிட்டர் பீப்பாயை முதல் நாளே திறந்து வைத்து, ஈட்டிற்கு 3 கிலோவாக 58 முறை ஊற்றி நிரப்புவது தவறான வழக்கம். ஒவ்வொரு முறையும் புதுக்காற்று புகுகிறது; பீப்பாய் மாதக்கணக்கில் அரைகுறையாய் நிற்கிறது. இதற்கு மாறாக, 5 லிட்டர் அல்லது 10 லிட்டர் கொள்ளும் சிறு பாத்திரங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, இறுக மூடி, இருட்டான குளிர்ந்த அறையில் வைத்திருந்து, சங்கத்தில் சேர்க்கும் நாளில் ஒருங்கே பீப்பாய்க்கு மாற்றுவதே முறை.

நிரப்பும்போது விளிம்புவரை நிரப்பலாகாது. இருபதில் ஒரு பங்கு இடம் விடவேண்டும். இதற்குக் காரணம் உண்டு. உதகையின் குளிரில் நிரப்பிய பீப்பாய் குன்னூர்ப் பாதை வழியே மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும்போது 25 டிகிரி செண்டிகிரேடு வரை வெப்ப வேற்றுமை ஏற்படக்கூடும். அவ்வெப்பத்தில் 190 லிட்டர் தைலம் 4 லிட்டருக்கு மேல் விரியும். விரிய இடமில்லையேல் அடைப்பின் வழியே கசியும், அல்லது பீப்பாய் புடைக்கும்.

கலம் மாற்றுதல்

ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுவதைக் காலையில், குளிர்ந்த வேளையில், வாலைக்கொட்டகைக்கு வெளியே செய்யவேண்டும். சுமார் 48 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் இத்தைலத்தின் ஆவி நெருப்புப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அடுப்பருகே உள்ள தகரம் அவ்வெப்பத்தை அடைய நேரமாகாது. ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து அடுப்பை எட்டும். ஆகையால் அடுப்பு எரியும்போது அருகில் தைலம் ஊற்றுவதும், ஊற்றுமிடத்தில் பீடி சுருட்டுப் பற்றவைப்பதும் கூடவே கூடாது. தீப்பிடித்தால் நீரை ஊற்றாதீர்கள். தைலம் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணல், நனைத்த சாக்கு, உலர்தூள் தீயணைப்பான் இவற்றையே உபயோகிக்கவேண்டும். இரண்டு வாளி மணலை எப்போதும் கொட்டகையில் வைத்திருங்கள்.

ஊற்றும்போது உயரத்திலிருந்து தாரையாக விடாமல், பாத்திரத்தின் அடியை எட்டும் நீண்ட காம்புள்ள புனலைப் பயன்படுத்தினால் நுரையும் ஆவியிழப்பும் குறையும். அடியில் இரண்டு விரற்கடை அளவு தைலத்தை மாற்றாமல் நிறுத்திவிடுங்கள். கசடும் நீரும் அங்கேயே தங்கியிருக்கும். அவ்வடித்தைலத்தைத் தனியே சேர்த்து மறுபடி தெளியவைக்கலாம்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தைலத்தை இறக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடவேண்டும். இது மருந்துப் பொருளாயிற்றே, உள்ளே போனால் என்ன என்று எண்ணவேண்டாம். மேலே பூசவும் ஆவி பிடிக்கவும் உதவும் இத்தைலம் விழுங்கினால் விஷம். மூச்சுக்குழலில் சென்றால் நுரையீரலைக் கெடுக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர், உட்கொண்ட குழந்தைக்கே மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். குடிநீர்ப் புட்டியிலும் மருந்துப் புட்டியிலும் தைலத்தை ஊற்றி வைப்பதனால் வரும் அபாயம் இதுவே. குழந்தை குடித்துவிட்டதாகத் தெரிந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தைல அறைக்குப் பூட்டுப் போடுவது திருட்டைத் தடுப்பதற்காக மட்டுமன்று.

கணக்கும் அடையாளமும்

ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சீட்டுக் கட்டியிருக்கவேண்டும். அதில் ஈட்டின் எண், வடித்த தேதி, இலையின் எடை, தைலத்தின் எடை, நீர் நீக்கிய தேதி இவ்வைந்தும் எழுதப்படவேண்டும். தைலம் பட்டால் மை கரையுமாதலால் பென்சிலால் எழுதுவது நலம். அதே விவரங்களை ஒரு நோட்டிலும் பதிந்துகொள்ளுங்கள். பழைய ஈட்டின் தைலமே முதலில் விற்பனைக்குப் போகவேண்டும். ஓர் ஈட்டில் தைலம் குறைந்தால், காரணம் இலையிலா, தீயிலா, சேமிப்பிலா என்பதை இந்த நோட்டே சொல்லும். நோட்டில்லாதவர் அடுத்த ஈட்டிலும் அதே நஷ்டத்தை அடைவார்.

மேலும், ஓர் ஈட்டில் முதலில் வடியும் தைலமும் கடைசியில் வடியும் தைலமும் ஒரே தன்மையுடையனவல்ல. ஆகவே அந்த ஈட்டின் தைலம் முழுவதையும் ஒன்றாகக் கலந்தபின்பே மாதிரி எடுக்கவேண்டும். மேலாக நின்ற நல்ல பகுதியை மாத்திரம் மாதிரியாகக் காட்டி விற்பவர், பீப்பாய் பரிசோதனைக்குப் போகும்போது அகப்பட்டுக்கொள்வார்.

ஒருவர் குறை, பலர் நஷ்டம்

இனி இவ்விஷயம் சங்கத்தைச் சேர்ந்ததாகும் இடத்திற்கு வருகிறோம். பிரிட்டிஷ் மருந்து நூலின்படி மருந்துக்குரிய யூகலிப்டஸ் தைலத்தில் சினியோல் நூற்றுக்கு 70 பங்கிற்குக் குறையலாகாது. பத்து அங்கத்தினர் ஆளுக்கு 19 லிட்டர் கொணர்ந்து ஒரே பீப்பாயில் ஊற்றுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருடைய தைலம் நூற்றுக்கு 72 பங்குடையது. பத்தாமவர் வேறு வகை இலையைக் கலந்து வடித்தோ, வேறெதையேனும் சேர்த்தோ 50 பங்குள்ள தைலத்தைக் கொணர்கிறார். பீப்பாயின் சராசரி என்ன? ஒன்பது எழுபத்திரண்டு 648. அதனோடு 50 சேர்ந்து 698. பத்தால் வகுத்தால் 69.8. பீப்பாய் முழுவதும் தரத்திற்குக் கீழே போயிற்று! ஒன்பது பேருடைய உழைப்பு ஒருவருடைய 19 லிட்டரால் விலை குறைந்தது. கலந்தபின் அதைப் பிரித்தெடுக்க வழியும் இல்லை.

1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது, கிராமச் சங்கங்களில் அங்கத்தினரின் பொறுப்புக்கு எல்லையில்லை என்பதே விதியாயிருந்தது. ஒருவர் கடனை மற்றவர் எல்லோரும் தாங்கவேண்டியிருந்தது. அதனாலேயே கடன் கொடுக்குமுன் அவனை அறிந்து கொடு என்ற வழக்கம் வேரூன்றியது. தைலப் பீப்பாயும் அத்தகைய கூட்டுப் பொறுப்பே. கலக்குமுன் அறிந்து கலக்கவேண்டும்.

ஆகையால் சங்கத்தின் காரியதரிசி ஒவ்வொரு அங்கத்தினரின் தைலத்தையும் தனித்தனியே பரீக்ஷித்த பின்னரே பீப்பாயில் சேர்க்கவேண்டும். சில எளிய சோதனைகள் கிராமத்திலேயே செய்யக்கூடியவை. கண்ணாடிக் குழாயில் மங்கலின்றித் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தல் முதலாவது. வெள்ளை உறிஞ்சுதாளில் ஒரு சொட்டு விட்டு உலரவிட்டால், நல்ல தைலம் தடமின்றி மறையும். எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்குத் தடம் நிற்கும். அளவுக்கோடிட்ட குழாயில் தைலமும் நீரும் சம அளவு விட்டுக் குலுக்கி நிறுத்தினால் இரண்டும் பழைய அளவிலேயே பிரியவேண்டும். தைலப் பகுதி தெளிவாகக் குறைந்து நீர்ப் பகுதி கூடியிருந்தால் சாராய வகை கலந்திருக்கிறதென்று சந்தேகிக்கவேண்டும். இவற்றில் தேறியதையும் உடனே கொட்டிவிடாமல், ஒவ்வொருவரின் தைலத்திலிருந்தும் சிறு புட்டி மாதிரி எடுத்து, பெயரெழுதி, முத்திரையிட்டு, பீப்பாய் விற்றுப் பணம் வரும்வரை சங்கத்தில் வைத்திருக்கவேண்டும். சினியோல் அளவை அறிய ரசாயனச் சாலைக்கே அனுப்பவேண்டும். அதற்காகும் செலவு தள்ளுபடியான ஒரு பீப்பாயின் நஷ்டத்திற்கு மிகக் குறைவானதே.

இச்சோதனைகளை ஓர் அங்கத்தினர்மீது கொண்ட அவநம்பிக்கை என்று எவரும் எண்ணவேண்டாம். தலைவரின் தைலத்திற்கும் கடைசியாகச் சேர்ந்த அங்கத்தினரின் தைலத்திற்கும் ஒரே சோதனை என்று சங்கம் தீர்மானித்துவிட்டால் மனத்தாங்கலுக்கு இடமேயில்லை. தேறாத தைலத்தை அவமதித்துத் திருப்பாமல், மீண்டும் தெளியவைத்துக் கொண்டுவரும்படி வழி சொல்லி அனுப்பவேண்டும். நீர் கலந்ததற்கு மருந்து உண்டு. வேண்டுமென்றே வேறு பொருள் கலந்ததற்கு மாத்திரம் சங்கத்தின் துணைவிதிகளின்படி நடவடிக்கை எடுக்கவேண்டும்.

சுருங்கக் கூறின், ஓர் ஈடு முடிந்தவுடன் தைலத்தை ஓய விட்டு நீரைப் பிரியுங்கள். உலர்ந்த தகுந்த கலத்தில் இருபதில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்புங்கள். இறுக மூடி, சீட்டுக் கட்டி, குளிர்ந்த இருட்டறையில் பூட்டி வையுங்கள். தீயில்லாத இடத்தில் கலம் மாற்றுங்கள். பரீக்ஷித்த பின்பே பிறர் தைலத்தோடு கலவுங்கள். இவற்றில் பெரும் பொருட்செலவு வேண்டுவது எதுவுமில்லை. இலை பொறுக்கியவர், விறகு சுமந்தவர், இரவு விழித்துத் தீ மூட்டியவர் ஆகிய அனைவருடைய கூலியும் அந்தப் பாத்திரத்திற்குள்தான் இருக்கிறது என்ற நினைவு ஒன்று இருந்தால் போதும்.